கிழிந்த புத்தகங்களைச் சரிசெய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் – எங்கிருந்து தொடங்குவது?

ஏற்காட்டு வாசகி
ஜூலை 6, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு சின்ன வாசகசாலையை நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து நடத்தி வருகிறோம். மொத்தம் 1,400 புத்தகங்கள். போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததில் 163 புத்தகங்கள் பழுது. சிலவற்றில் தாள் கொத்தாகக் கழன்று வருகிறது. சிலவற்றில் முதுகு அட்டை தொங்குகிறது. செல்லோ டேப் ஒட்டி, அந்த டேப் உதிர்ந்துபோய் மஞ்சள் கறை மட்டும் நிற்பவை பத்துப் பதினைந்து இருக்கும். ஜன்னல் ஓரத்து அலமாரியில் இருந்தவற்றில் பூஞ்சணம்.

மூன்று வருடம் முன்பு 40 புத்தகங்களைக் கீழே சேலத்தில் ஒரு கடையில் பைண்டிங்குக்குக் கொடுத்தோம். கெட்டியான அட்டை, நல்ல ரெக்சின், இன்றுவரை ஒரு தாள்கூடக் கழலவில்லை. ஆனால் ஓரத்தை வெட்டியபோது பல பக்கங்களில் வரியின் கடைசி எழுத்தும் சேர்ந்து போய்விட்டது. பக்கவாட்டில் துளையிட்டு இறுக்கித் தைத்திருப்பதால் புத்தகம் விரிவதே இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இரண்டு முழங்கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு படிப்பதைப் பார்த்தேன். கடைக்காரரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எப்படி வேண்டும் என்று சொல்லத் தெரியாமல்தான் நாங்கள் கொடுத்தோம்.

அதனால் இந்த முறை நாமே கற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கையில் 5,000 ரூபாய் இருக்கிறது. எதை முதலில் வாங்குவது, எதில் கை வைப்பது, எதைத் தொடாமல் விடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


குகை பைண்டர்
ஜூலை 6, இரவு 11.05

வணக்கம்மா. சேலம் குகையில் 31 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். உங்கள் 40 புத்தகத்துக்கு என்ன நடந்தது என்று படிக்கும்போதே தெரிந்துவிட்டது.

புத்தகம் இரண்டு வகை. ஒன்று, தாளைப் பாரம் பாரமாக, அதாவது சின்னச் சின்னக் கொத்தாக மடித்து, மடிப்புக்குள் ஊசி விட்டுத் தைத்தது. இன்னொன்று, தாளை எல்லாம் அடுக்கி முதுகை ராவிப் பசையில் ஒட்டியது. இதைத்தான் பெர்பெக்ட் பைண்டிங் என்கிறோம். புத்தகத்தின் தலைப்பக்கத்தை முதுகை ஒட்டிப் பாருங்கள். சின்னச் சின்ன வளைவாக மடிப்புத் தெரிந்தால் முதல் வகை. சீட்டுக்கட்டு மாதிரி தட்டையாக இருந்தால் இரண்டாவது. இப்போது வருகிற தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் இரண்டாவதுதான். அதில் மடிப்பே கிடையாது, ஊசி விட இடமும் இல்லை. அதனால் பக்கவாட்டில் துளை போட்டுத் தைப்பார்கள். கால் அங்குலம் உள்ளே போய்விடும், புத்தகம் விரியாது. பிறகு ஓரம் ஏறி இறங்கி நிற்கிறதே என்று மெஷினில் வைத்து ஒரு வெட்டு. அதில் எழுத்து போய்விட்டது.

முதலில் 163 புத்தகத்தையும் இந்த இரண்டு வகையாகப் பிரியுங்கள். பசைக்கு வெளியே அலைய வேண்டாம். மைதா கால் கிலோ, தண்ணீர் ஒன்றரை லிட்டர், கொதிக்கும்போது ஒரு சிட்டிகை மயில் துத்தம். துத்தம் போட்டால் ராமபாணப் பூச்சி கிட்டே வராது. எங்கள் அப்பா காலத்திலிருந்து இதுதான்.


சுவடித்தூசி
ஜூலை 7, காலை 7.15

அண்ணன் சொன்ன முதல் பாதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். துத்தம் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது சேலம். சென்னையில் ஓர் ஆவணக் காப்பகத்தின் பழுதுபார்க்கும் பிரிவில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். அங்கே சேர்ந்த முதல் மாதம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். நீ செய்வதை நாளை இன்னொருவர் பிரிக்க முடிய வேண்டும். தண்ணீர் தொட்டால் இளகுகிற பசை என்றால் பிரிக்கலாம். டேப், ரப்பர் பசை, பாட்டிலில் வரும் வெள்ளைப் பசை எல்லாம் காய்ந்தபின் தாளைக் கிழிக்காமல் வராது.

மயில் துத்தத்தில் இருப்பது செம்பு. ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாக வேலை செய்யும். போதாததற்குச் செம்பே தாளின் நாரை அரிக்கும். பழைய வரைபடங்களில் செம்புப் பச்சை பூசிய இடம் மட்டும் பழுப்பாகி, தாள் ஓட்டையாகி உதிர்ந்திருப்பதை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். சுற்றிலும் தாள் நன்றாக இருக்கும், பச்சை இருந்த இடம் மட்டும் போயிருக்கும். பிள்ளைகள் விரலை எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பும் இடத்தில் அந்த விஷம் எதற்கு என்பதும் ஒரு கேள்வி.

பிரிப்பதைப் பற்றி இன்னொன்று. தையலா பசையா என்று பிரித்த பிறகு, புத்தகம் யாருக்காக என்று ஒருமுறை பிரியுங்கள். தினமும் கை மாறும் நாவல், பாடநூல், சிறுவர் புத்தகம் எல்லாம் ஓர் அடுக்கு. வேறெங்கும் கிடைக்காத பழைய பதிப்பு, ஊர் வரலாறு, உள்ளூர் விழா மலர்கள் இன்னோர் அடுக்கு. முதல் அடுக்கில் தைரியமாகக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது அடுக்கில் இப்போது கையே வைக்காதீர்கள். தூசி தட்டி, அமிலமில்லாத தாளில் சுற்றி, பருத்தி நாடாவால் கட்டி வைத்தால் போதும். அதுவே பெரிய பராமரிப்புதான்.

தாள் தாங்குமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அச்சில்லாத ஓரத்தில் ஒரு மூலையை மெதுவாக முன்னே மடித்து, பின்னே மடியுங்கள். இரண்டு மூன்று முறையில் அப்பளம் மாதிரி ஒடிந்தால் அந்தத் தாள் ஊசியையும் தாங்காது, புதுப்பசையின் இழுப்பையும் தாங்காது. மரக்கூழில் செய்த மட்டமான தாளுக்கு இதுதான் கதி. அதையும் சுற்றிக் கட்டி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.


குகை பைண்டர்
ஜூலை 7, மதியம் 1.30

தம்பி, நீங்கள் படித்தவர், காப்பகத்தில் இருந்தவர். உங்கள் பேச்சை மதிக்கிறேன். ஆனால் காப்பகத்தில் ஏசி ஓடும், வாரத்துக்கு ஒருமுறை கூட்டிப் பெருக்க ஆள் இருக்கும். ஒரு வக்கீல் ஆபீசுக்குத் துத்தம் போடாமல் கட்டிக் கொடுத்த நோட்டுகளை ஆறே மாதத்தில் பூச்சி அரித்து என்னிடமே திருப்பிக் கொண்டுவந்தார்கள். முதுகுப் பசையை மட்டும் வழித்துத் தின்றிருந்தது. துத்தம் வேண்டாம் என்றால் பூச்சிக்கு என்ன பதில்?


சுவடித்தூசி
ஜூலை 7, இரவு 8.20

நியாயமான கேள்வி அண்ணா. பூச்சி வழித்துத் தின்றது மைதாவின் பசைப்புரதத்தையும் மாவையும் சேர்த்து. மைதாப் பசையைக் கெட்டியாகத் தடவும்போது அதற்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். கோதுமையிலிருந்து ஸ்டார்ச் மட்டும் பிரித்துக் காய்ச்சி, மெல்லிசாகத் தடவினால் தின்ன அங்கே அதிகம் இருக்காது. பூச்சி அறவே வராது என்று சொல்ல மாட்டேன். ராமபாணத்துக்கு ஈரமும் இருட்டும் தொந்தரவில்லாத இடமும் வேண்டும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, மாதம் ஒருமுறை புத்தகத்தை இறக்கித் தூசி தட்டினாலே பாதி குறைந்துவிடும். வசம்பு, வேப்பிலை வைப்பதென்றால் துணியில் முடிந்து அலமாரியில் வையுங்கள், பக்கங்களுக்கு நடுவே வேண்டாம். இலை கறை விடும்.

வாடகை நூலகத்து நாவலுக்கு நீங்கள் உங்கள் வழியில் கட்டினால் நான் சண்டைக்கு வர மாட்டேன். திரும்பக் கிடைக்காத புத்தகத்துக்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.


வசிட்டநதி
ஜூலை 7, இரவு 10.10

ஆத்தூரிலிருந்து எழுதுகிறேன். ஸ்டார்ச் என்றதும் உள்ளே வந்துவிட்டேன். எங்கள் பக்கம் மரவள்ளியும் ஜவ்வரிசியும்தான் பிழைப்பு. மரவள்ளி மாவில் பசை காய்ச்சிப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். பளபளவென்று கண்ணாடி மாதிரி வரும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் இழு இழு என்று நூல் நூலாக வரும். பிரஷ்ஷை எடுத்தால் பின்னாலேயே வால் மாதிரி வந்து, வேண்டாத எழுத்தின் மேல் விழும். அட்டை ஒட்டச் சரி, தாள் கிழிசலுக்கு எனக்கு ஒத்துவரவில்லை.

கோதுமை ஸ்டார்ச்சுக்குக் கடையில் அலைய வேண்டாம். அல்வாவுக்குக் கோதுமைப்பால் எடுக்கத் தெரியும்தானே? அதேதான். சம்பா கோதுமையை ஊற வைத்து, அரைத்து, பிழிந்து, பாலை இரவு முழுக்கத் தெளிய விடுங்கள். காலையில் மேல் தண்ணீரை இறுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி தெளிய விடுங்கள். மூன்று முறை செய்தால் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக நிற்கும். அவசரம் என்றால் மைதாவைச் சப்பாத்தி மாவுபோல் பிசைந்து அரை மணி வைத்து, தண்ணீருக்குள்ளேயே கசக்குங்கள். கையில் ரப்பர் மாதிரி நிற்பது பசைப்புரதம், அதை எடுத்துவிடுங்கள். தண்ணீரில் கரைந்து அடியில் தங்குவது உங்களுக்கு வேண்டியது. நிழலில் உலர்த்தி டப்பாவில் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

காய்ச்சும்போது ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். நேரடித் தீயில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துக் கிண்டுங்கள். முதலில் பால் மாதிரி இருக்கும், அப்புறம் திடீரென்று கெட்டியாகும். அங்கே நிறுத்திவிடக் கூடாது. வெண்மை போய்க் கொஞ்சம் கண்ணாடித் தன்மை வரும்வரை, இருபது இருபத்தைந்து நிமிடம் கை ஓயாமல் கிண்ட வேண்டும்.


அம்மாபேட்டைத் தறி
ஜூலை 8, காலை 6.50

நாங்கள் தறிக்காரர்கள். பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். அக்கா சொன்ன பதம் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். காய்ச்சின கஞ்சி சூடாக இருக்கும்போது எவ்வளவு பதமாகத் தெரிந்தாலும் நம்பக் கூடாது. ஆறின பிறகுதான் அதன் குணம் தெரியும். ஆறினதும் பழைய மல் துணியில் வைத்து முறுக்கிப் பிழிந்து வடிகட்டுங்கள். ஒருமுறை போதாது, மூன்று முறை. கட்டி ஒன்று தங்கினாலும் நூலில் முடிச்சு மாதிரிதான், தாளிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். புளித்த வாசனை வந்தால் கொட்டிவிட்டு வேறு காய்ச்ச வேண்டும். கஞ்சியில் சிக்கனம் பார்த்தால் பாவு போய்விடும் என்பார் எங்கள் தாத்தா.

தைக்க நூல் வேண்டும் என்றால் முறுக்கேறிய பருத்தி நூலைத் தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்துக் கொடுக்கிறேன். சிக்கல் விழாது.


ஏற்காட்டு வாசகி
ஜூலை 14, மாலை 6.30

ஒரு வாரமாக இதே வேலைதான். அல்வா முறையில் ஸ்டார்ச் எடுத்தோம். பசை நன்றாகவே வந்தது. ஜப்பானியத் தாள் என்கிறார்களே, அந்த மெல்லிய நார்த்தாளைத் தபாலில் வரவழைத்தோம்.

ஆனால் கிழிந்த பக்கத்தை ஒட்டினால் ஒட்டின இடம் மட்டும் அலை அலையாகச் சுருங்கி நிற்கிறது. இரண்டு பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது வேறு. பிரிக்கப் போய் இன்னொரு கிழிசல். கத்தரிக்கோலால் நறுக்கி ஒட்டிய தாளின் ஓரம், பக்கம் திருப்பும்போது கோடு மாதிரித் துருத்துகிறது. படம் போட இங்கே வழி இல்லை. எங்கே தவறு என்று கண்டுபிடிக்க முடியுமா?


சுவடித்தூசி
ஜூலை 14, இரவு 9.00

கண்டுபிடிக்கலாம். எல்லோரும் செய்கிற மூன்று தவறும் இதில் இருக்கிறது. நானும் அந்த மூன்றையும் செய்துதான் கற்றேன்.

நார்த்தாளைக் கத்தரிக்கவே கூடாது. கிழிசலின் நீளத்துக்கு, அரை விரல் அகலத்துக்கு, தண்ணீர் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் தாளின் மேல் கோடு இழுங்கள். ஈரம் ஊறியதும் இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்தால் பிரிந்து வரும். ஓரத்தில் பூனை மீசை மாதிரி நார் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நார்தான் பிடிப்பு. அதனால்தான் கோடு துருத்தாது.

கிழிசலை உற்றுப் பாருங்கள். தாள் நேராகக் கிழிவதில்லை, சரிவாகக் கிழியும். ஒரு பக்கத்து வெள்ளை விளிம்பு மேலே வரும், மறுபக்கத்தது கீழே போகும். எது மேல் எது கீழ் என்று பார்த்துப் பொருத்துங்கள். மாற்றி வைத்தால் எழுத்து இரண்டாகத் தெரியும். அந்த வெள்ளை விளிம்பிலேயே துளி பசை தொட்டு முதலில் சேர்த்துவிடுங்கள். சின்னக் கிழிசலுக்கு இதுவே போதும், நார்த்தாளே வேண்டாம்.

சுருக்கம் வருவது ஈரத்தால். பசை தயிர் பதத்தில் இருக்கட்டும், மோர் பதம் வேண்டாம். நார்த்தாளைக் கண்ணாடி மேல் வைத்துப் பசை தடவி, ஊசி முனையால் எடுத்துக் கிழிசல் மேல் வையுங்கள். மேலே கீழே இரண்டு பக்கமும் பட்டர் பேப்பர் வையுங்கள், பக்கங்கள் ஒட்டிக்கொள்ளாது. அதற்கு மேலும் கீழும் மைஒற்றுத்தாள். அதன்மேல் சின்னக் கண்ணாடித் துண்டு, அதன்மேல் எடை. பத்து நிமிடம் கழித்து மைஒற்றுத்தாளை மாற்றுங்கள், அது ஈரம் குடித்திருக்கும். மறுபடி ஒரு மணி நேரம் எடையோடு விடுங்கள். ஏற்காட்டு ஈரத்துக்கு நான் இரவு முழுக்க விடுவேன்.

முதலில் பழைய வார இதழைக் கிழித்து ஐம்பது முறை பழகுங்கள். கை ஒரு கட்டத்தில் தானாகப் பழகிவிடும்.


முன்னாள் நூலகர்
ஜூலை 15, காலை 10.20

பொது நூலகத்துறையில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். வேலை மும்முரமாக நடப்பதைப் பார்த்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். 163 புத்தகத்தையும் சரிசெய்யத்தான் வேண்டுமா?

எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்பது. கடையில் 120 ரூபாய்க்குக் கிடைக்கிற புத்தகத்தின் மேல் நீங்கள் ஐந்து பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. புதிது வாங்கிவிட்டுப் பழையதைக் கை பழக வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடமாக யாருமே எடுக்காத, பழைய சட்டம் சொல்லும் வழிகாட்டி நூல்களைக் கழித்துவிடலாம். பக்கம் தொலைந்த புத்தகத்தைக் கட்டிப் பயனில்லை. கட்டுவதற்கு முன் பக்கங்களை எண்ணுங்கள். என் பணிக்காலத்தில் அழகாகக் கட்டி வந்த ஒரு நாவலில் 16 பக்கம், அதாவது ஒரு பாரமே இல்லை. அதைக் கண்டுபிடித்தவர் ஒரு வாசகர், அதுவும் கதையின் கடைசிக் கட்டத்தில்.

அப்புறம், எந்தப் புத்தகத்தில் என்ன செய்தீர்கள், என்ன பசை, எந்தத் தேதி என்று பின் உள்ளட்டையில் பென்சிலால் எழுதி, பதிவேட்டிலும் குறித்துவிடுங்கள். பேனா வேண்டாம். நாளை உங்கள் இடத்துக்கு வருகிறவருக்கு அது பெரிய உதவி.


கன்னங்குறிச்சி டீச்சர்
ஜூலை 15, இரவு 7.45

எங்கள் பள்ளி நூலகத்திலும் இதே நிலைமைதான். செல்லோ டேப்பை எப்படி எடுப்பது என்று யாரும் சொல்லவில்லையே. தின்னர் தடவினால் வரும் என்று ஒருவர் சொன்னார், பயமாக இருக்கிறது.


சுவடித்தூசி
ஜூலை 15, இரவு 9.15

பயம் சரியானதுதான் டீச்சர். தின்னர் வேண்டாம். மையைக் கரைத்துப் பரப்பிவிடும், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அந்த ஆவியும் ஆகாது. டேப் புதிது என்றால் தலைமுடி உலர்த்தும் டிரையரைத் தள்ளிப் பிடித்து மிதமாகச் சூடுகாட்டி, தாளை ஒட்டிப் படுத்தாற்போல் மெதுவாக இழுங்கள், மேலே தூக்கி இழுக்க வேண்டாம். இழுக்கும்போது எழுத்து சேர்ந்து வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பழைய டேப்பில் மேல் படலம் தானே உதிர்ந்திருக்கும். பிசுக்கை மட்டும் ரப்பரால் உருட்டி எடுக்கலாம். மஞ்சள் கறை தாளுக்குள் ஊறிவிட்டது, அது போகாது. அதோடு படிக்கலாம். இனி ஒட்டாமல் இருப்பதுதான் வழி.


ஏற்காட்டு வாசகி
ஜூலை 22, மாலை 5.10

முன்னாள் நூலகர் ஐயா சொன்னதைக் கேட்டு மறுபடி உட்கார்ந்தோம். 163 இப்போது 91 ஆகிவிட்டது. மனசும் கொஞ்சம் லேசாகிவிட்டது. நன்றி ஐயா.

இரண்டு சந்தேகம். சேலத்தில் கட்டி வந்த அந்த 40 புத்தகங்களின் அட்டை மழைக்காலம் வந்தால் வெளிப்பக்கமாக விரிந்து வளைகிறது. வெயில் வந்தால் கொஞ்சம் படிகிறது. இது ஏன்? இன்னொன்று பூஞ்சணம். இங்கே பனிமூட்டம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்து நிற்கும். துடைத்தால் ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிடுகிறது.


குகை பைண்டர்
ஜூலை 22, இரவு 8.40

அட்டை என் பக்கத்து விஷயம், நான் சொல்கிறேன். சேலத்து வெயிலில் அட்டை காய்ந்து கட்டையாக இருக்கும்போது கட்டுகிறோம். அதே புத்தகம் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே வந்தால் வேறு காற்று. வெளியே ரெக்சின், அதில் ஈரம் ஏறாது. உள்ளே ஒட்டின தாள் ஈரம் குடித்து விரியும். உள்பக்கம் விரிந்தால் அட்டை வெளிப்பக்கமாகத்தானே வளையும்?

இன்னொரு காரணமும் உண்டு. தாளுக்கும் அட்டைக்கும் ஓட்டம் என்று ஒன்று இருக்கிறது, மூங்கிலுக்கு நார் ஓடுகிற மாதிரி. லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சுலபமாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். சுலபமாக வளைகிற மடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அதுதான் ஓட்டம். ஈரம் பட்டால் தாள் ஓட்டத்துக்குக் குறுக்கேதான் விரியும். அட்டை, உள்தாள், துணி மூன்றுக்கும் ஓட்டம் முதுகுக்கு இணையாக இருந்தால் சேர்ந்து விரிந்து சேர்ந்து சுருங்கும். அட்டை வீணாகக் கூடாதென்று குறுக்கே வெட்டினால் இப்படித்தான் ஆகும். ஷீட்டுக்கு இரண்டு அட்டை மிச்சம் பார்க்க நானும் அப்படி வெட்டியதுண்டு. உங்கள் ஊருக்கு ரெக்சின் வேண்டாம்மா. காலிகோத் துணி போடுங்கள்.


சுவடித்தூசி
ஜூலை 22, இரவு 9.30

பூஞ்சணத்துக்கு: காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் அது வளரத் தொடங்கும். துடைத்தால் போகாது. ஈரத் துணியால் துடைப்பது அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. முதலில் ஒரு ஈரப்பதமானி வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். உங்கள் பட்ஜெட்டில் பசைக்கு முன்னால் வர வேண்டியது அது.

பாதித்த புத்தகங்களைத் தனியே பெட்டியில் வையுங்கள். வெயில் அடிக்கிற நாளில் வெளியே நிழலில், காற்றோட்டத்தில் விரித்து நிற்க வையுங்கள். நேர் வெயில் வேண்டாம். பூஞ்சணம் ஈரமாகப் பிசுபிசுக்கும்போது தொடாதீர்கள், எழுத்தில் தேய்ந்து ஏறிவிடும். காய்ந்து பொடியாக மாறிய பிறகு, மெல்லிய பிரஷ்ஷால் உங்களைவிட்டு விலகும் பக்கமாகத் துடையுங்கள். கட்டாயம் வெளியில் வைத்து, என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுச் செய்யுங்கள். இழுப்பு உள்ளவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

பனிமூட்டம் இறங்கும்போது ஜன்னலைச் சாத்துங்கள், உலர்ந்த மதியத்தில் திறந்துவிடுங்கள். புத்தகங்களை இறுக்கிச் சொருகாதீர்கள். ஜன்னல் ஓரத்து அலமாரியை இடம் மாற்றாமல் வேறு எது செய்தாலும் வீண்.

கூரை ஒழுகி நனைந்தால் மட்டும் நாள் தள்ளாதீர்கள். 48 மணி நேரத்தில் பூஞ்சணம் கிளம்பிவிடும். வழவழப்பான படத்தாள் என்றால் காய்வதற்கு முன்பே பக்கத்துக்குப் பக்கம் தாள் வைத்துப் பிரியுங்கள், காய்ந்தால் செங்கல் மாதிரி ஒட்டிவிடும்.


குகை பைண்டர்
ஜூலை 25, இரவு 10.15

பசைக்கட்டுப் புத்தகத்தை விரிகிற மாதிரி கட்டுவது எப்படி என்று நான் இன்னும் சொல்லவில்லை. முதல் நாள் சொன்ன பக்கத்தையலுக்குப் பதில் இது. நேரம் பிடிக்கும் என்பதால் கடையில் யாரும் கேட்டால் மட்டும் செய்வேன்.

அட்டையை எடுத்துவிட்டு, முதுகில் இருக்கும் பழைய பசையைச் சுரண்டி எடுங்கள். தாளைத் தட்டி, முதுகுப் பக்கம் ஒரே மட்டமாக வரட்டும். இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, முதுகு மூன்று விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கிளாம்ப் போடுங்கள். இப்போது நீட்டிய பகுதியை விசிறி மாதிரி ஒரு பக்கம் சாய்த்தால், ஒவ்வொரு தாளின் ஓரமும் நூலளவு வெளியே தெரியும். அதன்மேல் வெள்ளைப் பசையை மெல்லிசாகத் தடவுங்கள். மறுபக்கம் சாய்த்து அங்கேயும் தடவுங்கள். நிமிர்த்தினால் தாளுக்குத் தாள் ஒரு நூலளவு பசை உள்ளே போயிருக்கும். முதுகின் மேல் மல் துணி, அதன்மேல் காக்கித்தாள். ஓர் இரவு எடை. காலையில் விரித்துப் பாருங்கள், மேசையில் தானே விரிந்து கிடக்கும். ஓரம் வெட்டத் தேவையில்லை.

இதற்கு அந்தத் தம்பியின் கோதுமைப் பசை நிற்காது. வெள்ளைப் பசைதான். கிடைக்கிற புத்தகத்துக்கு மட்டும் செய்யுங்கள்.


சுவடித்தூசி
ஜூலை 25, இரவு 10.40

முழுக்க ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. அட்டை முழுதும் கழலாமல் கீல் மட்டும் ஆடுகிற புத்தகங்களுக்கு ஒரு சின்ன வழி. ஏற்காட்டில் ஸ்வெட்டர் பின்னும் ஊசி எல்லோர் வீட்டிலும் இருக்கும். அதில் வெள்ளைப் பசையைத் தடவி, முதுகுக்கும் அட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் விட்டு உருட்டி எடுங்கள். உள்ளே பட்டர் பேப்பர் வைத்து மூடி, கீல் பள்ளத்தில் அதே ஊசியை வெளியே வைத்து, மேலே எடை ஏற்றுங்கள். ஐந்து நிமிட வேலை, புத்தகத்துக்கு இன்னும் ஐந்தாறு வருடம் ஆயுள்.


ஏற்காட்டு வாசகி
ஆகஸ்ட் 10, இரவு 8.50

கணக்குச் சொல்ல வந்தேன். கீல் ஆடியவை 27, எல்லாம் ஸ்வெட்டர் ஊசியில் முடிந்தன. பக்கக் கிழிசல் 19 புத்தகம் முடிந்தது. அதில் முதல் ஆறு பார்க்க அழகில்லை, ஆனால் படிக்கலாம். விசிறி முறையில் மூன்று கட்டினோம், ஒன்று கோணலாகிவிட்டது, பிரித்து மறுபடி செய்ய வேண்டும். பழைய பதிப்புகள் 11-ஐச் சுற்றிக் கட்டி உள்ளறை அலமாரியில் வைத்துவிட்டோம். ஜன்னல் ஓரத்து அலமாரி எதிர்ச்சுவருக்குப் போய்விட்டது. ஈரப்பதமானி நேற்று மதியம் 62, இன்று காலை பனியில் 81 காட்டியது.

செலவு இதுவரை 3,380 ரூபாய்.

எழுத்து வெட்டுப்பட்ட அந்த 40 புத்தகத்தில் ஒன்றை இன்று பிரித்துப் பார்த்தோம். தையலை அறுத்ததும் உள்பக்கம் கால் அங்குலம் வெள்ளையாக, கசங்காமல் வெளியே வந்தது. அதில் விசிறி முறை போட முடியுமா அண்ணா? துளைகள் வரிசையாக இருக்கின்றன. அந்த இடத்தில் தாள் கிழியுமோ என்று தயக்கம்.


குகை பைண்டர்
ஆகஸ்ட் 10, இரவு 9.25

முடியும்மா. துளை இருக்கும் ஓரத்துக்கு மெல்லிசாக நார்த்தாள் பட்டை ஒட்டி, காய்ந்தபிறகு விசிறியுங்கள். ஒரு புத்தகத்தை அப்படியே பிரித்த நிலையில் எடுத்து வையுங்கள். வருகிற ஞாயிறு முதல் பஸ்ஸில் நானே மேலே வருகிறேன். என் கிளாம்பும் கொண்டுவருகிறேன். அந்தத் தம்பியும் சேலம் வந்தால் கூட்டி வருகிறேன், அவர் பசையைக் கையில் தொட்டுப் பார்க்க எனக்கும் ஆசை.


அம்மாபேட்டைத் தறி
ஆகஸ்ட் 10, இரவு 9.40

அண்ணா, போகும்போது சொல்லுங்கள். மெழுகு போட்ட நூல் இரண்டு கண்டு எடுத்து வைத்திருக்கிறேன், பழைய பஸ் ஸ்டாண்டில் வந்து கொடுத்துவிடுகிறேன்.